கடைசியாக வந்த புல்லட்

“அத்தான், என் புது வண்டியோட குதிரைசக்திக்கு முன்னால உங்க பழைய புல்லட் நிக்குமா?” என்றான் காமராஜ்.

“குதிரைசக்தி பாயுறதுக்கு மாப்ளே. மலை ஏறுறதுக்கு இழுவைதான் வேணும்” என்றான் அக்காள் கணவன் பொன்னுராஜ்.

ராஜபாளையம் மில்லின் பொங்கல் விளையாட்டில் அன்று பைக் போட்டி. தோற்றால் புல்லட்டை விற்றுவிடுவதாகப் பொன்னுராஜ் பந்தயம் கட்டியிருந்தான். அந்த வண்டியில் தேக்கடி போகத் துணிமணிகூட எடுத்துவைத்திருந்தாள் அவன் மனைவி ஞானபாக்கியம்.

விசில் ஊதினார்கள். தம்பியின் வண்டி திமிறிக்கொண்டு போய் முதலில் கோட்டைத் தாண்டியது. புல்லட் இன்னும் பாதி வழியில் டுப்டுப்பென்று ஊர்ந்துகொண்டிருந்தது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

ஒருவழியாகப் புல்லட்டும் வந்து சேர்ந்தது. மைக் அலறியது.

“காலை ஊன்றாமல் கடைசியாக வந்து, மெதுவாக ஓட்டும் போட்டியில் முதல் பரிசைத் தட்டிச்செல்பவர், பொன்னுராஜ்!”

ஞானபாக்கியத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“மெதுவா விட்டா அணையப் பாக்குது, முறுக்குனா பாயுது. நான் என்னக்கா செய்ய?” என்று புலம்பினான் காமராஜ்.

அவள் கணவனிடம் போனாள்.

“செயிச்சது சந்தோசந்தான். தேக்கடிக்கும் இப்படியே ஓட்டுனீகன்னா, அடுத்த பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம்!”