தனிமை விரும்பியின் அறை

கவிஞர் பிறந்த வீட்டின் மாடியறையில் பதினோரு மணி வெயில் சாய்ந்து விழுகிறது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, மேசைக்குக் கண்ணாடி மூடி. மூடிக்குள்ளே பழுப்பேறிய தாள்களில் கவிஞரின் பென்சில் எழுத்து. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறாள் கவிஞரின் தங்கை. அவள் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. வழிகாட்டிப் பெண் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்: "கவிஞர் தனிமை விரும்பி. நாள்கணக்கா இந்த ரூமை விட்டு வெளியவே வரமாட்டாங்க. அவங்க அப்பா அவ்வளவு ஊக்கம் கொடுத்தாரு." கூட்டம் தலையாட்டுகிறது. ஒருவர் சுவரிலிருக்கும் அப்பாவைப் போட்டோ எடுக்கிறார். தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வழிகாட்டியின் எதிரே வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, இந்தக் கதவைத் தினமும் திறக்கிறது நீதானே?"

"ஆமாம்மா."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?"

எல்லாரும் திரும்புகிறார்கள். கதவின் உள்பக்கம் வெறும் பலகை. வெளிப்பக்கத்தில், துலக்கி எண்ணெய் போட்டுப் பளபளவென்று, ஒரு முழ நீளப் பித்தளைத் தாழ்ப்பாள்.

"எழுதக் கூடாதுன்னு அப்பாதான் அவளை உள்ளே பூட்டி வெச்சார். பென்சிலைக் கதவுக்கடியில தள்ளிவிட்டது நான். அவ தங்கச்சி. எனக்கு அப்ப ஒம்பது வயசு."

"எனக்குக் குடுத்த பேப்பர்ல இருக்கிறதைத்தான்மா சொல்றேன்..."

"சரி, நீங்க எல்லாரும் உள்ளேயே இருங்க. நான் வெளிய போய்த் தாழ்ப்பாள் போடறேன். தனிமை எப்படி இருக்குன்னு சாயங்காலம் சொல்லுங்க."

வழிகாட்டி ஓரெட்டு வாசல் பக்கம் நகர்கிறாள். அவளுக்குப் பின்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கூட்டமும் நகர்கிறது.