நீலச் சட்டை

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நீலச் சட்டையை மட்டும் இன்னும் யாரும் கிழிக்கவில்லை.

மகன் பிறந்ததிலிருந்து ரெல்யாவுக்கு உருப்படியாக வேறு சட்டை மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், சித்தப்பா பிள்ளைகள், கூட ஆடுபவர்கள் என்று வந்தவர்களெல்லாம் கட்டிப்பிடித்தார்கள், கழுத்தோடு பிடித்து ஒரே இழுப்பு. அப்பன் சட்டை எவ்வளவு கந்தலாகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை நன்றாக இருக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

நீலச் சட்டையை அவன் மனைவி நெவேனா இஸ்திரி போட்டு, தன் அப்பா வந்து கிழிப்பதற்காக வைத்திருந்தாள்.

அப்பா வரவில்லை. அவர் உயிராக நினைக்கும் பீரோத் ஊர்க் கால்பந்து அணியில் வளர்ந்தவன் ரெல்யா. அதை விட்டுவிட்டு எதிரணியான லெஸ்கொவாட்ஸுக்கு ஆடப் போனான். போகும்போது அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். கல்யாணத்துக்கே அவர் வரவில்லை.

இன்று அந்த இரண்டு அணிகளும் பீரோத்தில் மோதின. நெவேனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாத்தனார் சென்கா.

ரெல்யாதான் கோல் போட்டான். ஓடவில்லை, குதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பவன்போல் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"பழைய ஊருக்கு மரியாதையாம்! அவங்க திட்டுற திட்டுல செத்துப்போன எங்க தாத்தாவுக்கே விக்கல் எடுக்கும் அண்ணி."

ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் தங்கள் ரசிகர்களிடம் போனார்கள். ரெல்யா மட்டும் பீரோத் ரசிகர்கள் இருந்த எதிர்ப்பக்கம் நடந்தான்.

அங்கே எதற்குப் போகிறான்?

நெவேனா முன்னால் சாய்ந்தாள்.

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். தொப்பி கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியவில்லை. நேரே வந்து ரெல்யாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்தார்.

ஜெர்சி வயிறுவரை கிழிந்தது. அரங்கமே ஊளையிட்டது.

தாக்குதல் என்றது வர்ணனைக் குரல். காவலர்கள் ஓடி வந்தார்கள். ரெல்யா ஒரு கையை நீட்டி அவர்களைத் தடுத்தான்.

"ஐயையோ அண்ணி, யாரோ கிழவன் அண்ணனை அடிக்கிறான்! அண்ணன் என்ன, சிரிச்சுக்கிட்டு நிக்குது?"

"எங்க அப்பா" என்றாள் நெவேனா. குழந்தையை சென்காவின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து நீலச் சட்டையை எடுத்து மடித்தாள். இனி அதை ரெல்யாவே போட்டுக்கொள்ளலாம்.