அண்ணை கை தூக்கேக்க

இரவியண்ணையின் கை மேலே போனது.

அவருக்குப் பின்னால் இருந்த தமிழர் வரிசைகளில் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போயின.

சிவகலா கதிரையின் நுனிக்கு வந்தாள். ஐயோ, இப்ப இல்லை!

ஊர்த்தலைவர் இப்போது கேட்டது கார்த் தரிப்பிடத்துக்கு யார் சம்மதம் என்று. அம்புலன்ஸுக்கு இனித்தான் கேட்பார்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் கெமைண்டக் கூட்டம், அதாவது ஊராட்சிக் கூட்டம். மூடிக் கிடக்கும் பழைய தீயணைப்பு நிலையத்தை என்ன செய்வது என்பதுதான் விஷயம். இடித்துவிட்டுக் கார்கள் நிறுத்துவதா, இல்லை ஊருக்கென்று ஒரு அம்புலன்ஸை அங்கே வைப்பதா? இரண்டில் ஒன்றுதான். சுவிஸ் பிரஜைகளின் சிவப்பு பாஸ்போர்ட் உள்ளவர்கள் கையைத் தூக்கவேண்டும். ஆட்கள் வரிசை வரிசையாக வந்து எண்ணிக்கொண்டு போவார்கள்.

சிவகலாவிடம் அந்தப் பாஸ்போர்ட் இல்லை. சுவரோரத்தில் பார்வையாளர் கதிரையில் இருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

போன மார்கழியில் அவளுடைய மகள் கிருசிகாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. அம்புலன்ஸ் பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டும். புது அடுக்குமாடிகள் எழும்பின பிறகு பின்னேரங்களில் பெரிய தெரு அசையாது. சைரன் கேட்கிறது, வண்டியைக் காணோம். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அந்த நேரம் அவளை மடியில் வைத்து முதுகு தடவிக்கொண்டிருந்தவர் இதே இரவியண்ணைதான். கோயில் தலைவர். கெமைண்டவின் போக்குவரத்துக் குழுவில் இருக்கும் ஒரே தமிழர்.

பிள்ளை தப்பிவிட்டது. அடுத்த முறையும் தப்பும் என்று யார் சொல்ல முடியும்?

கோயிலுக்கும் ஒரு கரைச்சல் இருந்தது. திருவிழாவுக்கு வரும் கார்கள் சந்து பொந்தெல்லாம் நிற்கின்றன என்று அயலவர்கள் முறைப்பாடு. நிறுத்த இடம் காட்டாவிட்டால் வருகிற வருடம் தேர் தெருவில் ஓடாது என்று கெமைண்ட சொல்லிவிட்டது.

"தேரைப் பிறகு பாப்பம் தங்கச்சி. முதல்ல பிள்ளையின்ர மூச்சு" என்றார் அண்ணை.

அதைக் கேட்டு அவள் அழுதே விட்டாள்.

அதற்குப் பிறகு அம்புலன்ஸுக்கு ஆள் சேர்க்க அவள் ஏறாத மாடி இல்லை. தமிழ்ச்சனம் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்கள் கதைக்கிற சுவிஸ் டொச் ஆருக்கு விளங்குது என்றார்கள். நியாயம்தான். வகுப்பில் படித்த ஜெர்மன் டொச் வேறு, மண்டபத்தில் கொட்டுகிற சுவிஸ் டொச் வேறு. சிவகலாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கிழடுகளோடு நாள் முழுக்கக் கதைத்துக் கதைத்து அது காதில் ஊறிவிட்டது. மற்றவர்களுக்காக ஒரு யோசனை சொன்னாள். யோசனை அவளுடையதேதான், அதை வேறு ஒருவர் தலையிலும் கட்ட முடியாது.

"உங்களுக்கு ஒண்டும் விளங்கத் தேவையில்லை. அண்ணை கை தூக்கேக்க நீங்களும் தூக்குங்கோ."

பாவம், மனுசன் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டிச் சைகை காட்டினாள். இறக்குங்கோ, இறக்குங்கோ!

தமிழர் வரிசைகள் அவளைப் பார்த்துச் சிரித்தன. கைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

அண்ணையும் திரும்பினார். அவளைக் கண்டார். வடிவாகவே கண்டார்.

கையை இறக்கவில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொண்டார்.

அண்ணைக்கு டொச் விளங்காதா? போக்குவரத்துக் குழுவில் அவர்களோடு சரிக்குச் சரி வாதாடுகிறவர். அடப் பாவி! என் பிள்ளையைத் தடவின கையல்லவா அது!

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். இருபது வருடமாக இந்த நாட்டில் சத்தம் போடாமல் இருந்து பழகிய தொண்டை. காற்றுத்தான் வந்தது. வாசலில் நின்ற கெமைண்ட ஆள் வந்து, தோளில் தொட்டு, மரியாதையாக அவளைக் கதிரையில் இருத்தினார்.

எண்ணுகிறவர்கள் தமிழர் வரிசைகளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பிறகு ஊர்த்தலைவர் அம்புலன்ஸுக்குக் கேட்டார். சுவிஸ்காரர்கள் நிறையப் பேர் தூக்கினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தமிழர்கள் வந்த வேலை முடிந்த திருப்தியோடு கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

தரிப்பிடம் வென்றது. தமிழ்க் கைகள் இல்லாவிட்டால் தோற்றிருக்கும். ஒவ்வொரு கையையும் வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

கூட்டம் கலைந்து பாணும் வைனும் வைத்த மேசைப் பக்கம் நகர்ந்தது. அங்கே இரவியண்ணை ஊர்த்தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

தம்பித்துரை ஐயா கதிரைகளுக்குள்ளால் மெல்ல மெல்ல வந்தார். மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர், நெஞ்சு ஒப்பரேசன் செய்தவர். கூட்டத்துக்கு வருகிறேன் என்று முதலில் சம்மதித்தவரும் அவர்தான். தூக்கின கையின் தோள்மூட்டை மற்றக் கையால் அமத்திக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக அவள் முன்னால் நின்றார்.

"வெண்டிட்டம் பிள்ளை! நீ எழும்பி ஆட்டினதைக் கண்டிட்டு நான் இன்னும் உயத்திப் பிடிச்சனான். இனிக் கிருசிக்குட்டிக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை. எப்பவாம் வருது அம்புலன்ஸ்?"