கண்ணசராத கங்காணி

"செருப்பை வெளியில வுட்டுட்டு வாங்க முதலாளி. உள்ள கங்காணி இருக்கு" என்றார் கொளஞ்சி.

செம்மங்குப்பம் சாயக் கம்பெனி முதலாளி பொன்னுரங்கம் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே மேனேஜர் ஜெயப்பிரகாஷ். கடைசியில் கயல்விழி. அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

காரணம், முதலாளி கையிலிருந்த ஒரு தாள். கம்பெனி கொடுக்கவிருந்த கொட்டேஷனின் விலை, குறிஞ்சிப்பாடிப் போட்டிக்காரனுக்கு முன்கூட்டியே போய்விட்டது. ஆயுத பூஜையன்று மத்தியானம் கயல்விழியின் கம்பெனி மெயிலிலிருந்துதான் போனது என்று, அந்த மெயிலின் நகலை எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார் ஜெயப்பிரகாஷ்.

அன்று எல்லோரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, கொட்டேஷனை டைப் அடித்து முடிக்க அவள் மட்டும் இருந்தது உண்மை. "சத்தியமா நான் அனுப்பல சார்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏறினா அதோட சரி, இந்தப் பக்கம் வரக்கூடாது. போலீசுக்குப் போகாம வுடறேனே, அது போதும்" என்றுவிட்டார் முதலாளி.

அப்போதுதான் மெயில் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் கொளஞ்சி குறுக்கே வந்தார். "கங்காணியை ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாமே முதலாளி."

அறைக்குள் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. நெற்றியில் சந்தனப் பொட்டு காய்ந்திருக்க, பச்சை விளக்குகள் மினுக்க, கரிய பெட்டி ஒன்று உர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. கருவறைக்குள் நுழைந்துவிட்டதுபோல் கயல்விழிக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதான் சர்வரு. இதுக்குள்ள குந்தியிருக்கிற ப்ரோகிராம்தான் கங்காணி. வர மெயிலு, போற மெயிலு, பாதி வழியில திரும்பின மெயிலு, ஒண்ணு வுடாம எழுதி வெக்கும்" என்றார் கொளஞ்சி. "புயல்ல நம்ம கூரை பறந்து போய்க் கடல்ல வுழுந்துச்சே, அது எத்தினி மணிக்கு வுழுந்துச்சுன்னுகூட எழுதி வெச்சிருந்துச்சு."

"ஒரு நிமிஷமாவது நின்னிருக்கா?" என்றார் முதலாளி.

"நிக்கறதா? அதுக்குக் கண்ணசரவே தெரியாது முதலாளி."

"நிக்கவும் கூடாதுய்யா. இது நின்னா அன்னியோட உன் வேலையும் நின்னுச்சுன்னு நீ சேர்ந்த அன்னிக்கே சொல்லியிருக்கேன்."

"அந்த பயத்துலதான் ஓடுது" என்று கொளஞ்சி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு வரி முளைத்தது.

*ஆயுத பூஜை. மத்தியானம். கயல்விழி மெயில் எதுவும் போகவில்லை.*

"என்னாய்யா இது, தமிழ்ல எழுதுது!"

"எப்பவும் இங்கிலீஷ்தான். முதலாளி பக்கத்துல இருக்கறப்ப மட்டும் மரியாதைக்குத் தமிழ்."

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கயல்விழி கை கூப்பினாள். யாருமே நம்பாத தன் சொல்லை ஓர் இரும்புப் பெட்டி நம்புகிறதே!

அடுத்த வரி வந்தது. *தாள் பொய்.*

அதற்கடுத்த வரியும் வந்தது. *தாளை அடித்தவர் பேர் தெரியும். சொல்லவா?*

"மெயில் சர்வருக்கு பிரிண்டர் சமாச்சாரம் எப்படித் தெரியும்?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"ரெண்டும் ஒரே ஒயர்ல குடித்தனம் பண்ணுது. பேசிக்காமலா இருக்கும்?" கொளஞ்சி கீபோர்டை முதலாளி பக்கம் நீட்டினார். "இந்த பட்டனைத் தட்டினா பேரு வந்துடும். உங்க கையாலயே தட்டுங்க முதலாளி."

பொன்னுரங்கம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். பெட்டி உர்ரென்றது. அந்தக் குளிரிலும் ஜெயப்பிரகாஷின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேணாம் சார்!" அவர் பாய்ந்து முதலாளியின் விரலைப் பிடித்துக்கொண்டார். "நானே சொல்லிடறேன். விலையைப் போன்ல சொன்னது நான்தான். தாளை அடிச்சதும் நான்தான்."

சிறிது நேரத்தில் ஜெயப்பிரகாஷ் வெறுங்காலோடு கேட்டைத் தாண்டிப் போனார். செருப்பு ஞாபகம் அவருக்கு வரவில்லை. பொன்னுரங்கம் சர்வரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதம்மா. நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வந்துடு" என்று கயல்விழியிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவள் மட்டும் நகரவில்லை.

"இது தெய்வம் அண்ணே. அடுத்த ஆயுத பூஜைக்கு நான்தான் இதுக்குப் பொட்டு வெப்பேன்."

"தாராளமா வெய்யி."

"முதலாளி மட்டும் அந்த பட்டனைத் தட்டியிருந்தா?"

"ஒண்ணும் வந்திருக்காது. நான் புவனகிரி பஸ்ஸைப் புடிச்சிருப்பேன்" என்றார் கொளஞ்சி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கங்காணிக்கு எழுதத்தான் தெரியும். கேட்டதுக்கு பதில் சொல்லத் தெரியாது. நான் தட்டினதை அப்படியே எழுதிச்சு."

கயல்விழிக்கு வாய் மூடவில்லை.

"அப்ப... நான் மெயில் அனுப்பலன்னு உங்களுக்கு எப்படிண்ணே அவ்வளவு உறுதியாத் தெரியும்?"

கொளஞ்சி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் பொட்டு வெச்சதும் மறக்காம ஆன் பண்ணிடும்மா. ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு குடுக்கற நாளாச்சேன்னு அன்னிக்கு விடியக்காலையிலயே இதை அணைச்சுட்டு நான் பொட்டு வெச்சேன். மறுநாள்தான் ஞாபகம் வந்து ஓட வுட்டேன்."