கறுப்பு ராஜா ஆரம்பத்தை மாற்றினார்

மூன்று ஞாயிறாகத் தோற்ற கறுப்பு ராஜா, கிளப்பின் சதுரங்கப் பெட்டிக்குள் சபையைக் கூட்டினார்.

"நம் ஆரம்பமே சரியில்லை. இனி என் சிப்பாய் முதலில் போக வேண்டாம், மந்திரியின் சிப்பாய் போகட்டும். அப்புறம் பாருங்கள்!"

"நான் என்ன கெடுத்தேன் ராஜா?" என்றான் இதுவரை முதலில் போன ராஜாவின் சிப்பாய். "முப்பதாவது நகர்த்தலில் ராணியம்மாதானே வெள்ளைக் குதிரையைக் கவனிக்காமல் போய் வெட்டுப்பட்டார்?"

"ஆரம்பம் சரியாக இருந்தால் அவள் ஏன் அங்கே போகப் போகிறாள்?" சிப்பாயை மடக்கிவிட்ட பெருமை ராஜாவுக்கு. ராணியும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு மந்திரியின் சிப்பாய் நெஞ்சை நிமிர்த்திப் புறப்பட்டான். முப்பத்திரண்டாவது நகர்த்தலில் அதே குதிரை ராணியை வெட்டியது.

பெட்டிக்குள் விழுந்ததும் ராஜா உற்சாகமாகச் சொன்னார்: "பார்த்தீர்களா, இரண்டு நகர்த்தல் கூடுதலாகத் தாங்கியிருக்கிறோம்! அடுத்த வாரம் யானையின் சிப்பாய்."