தேனொழுகும் குரல்

ஏரியை ஒட்டிய காட்டில் சின்னதாய் ஒரு வானொலி நிலையம் இருந்தது. மைனாவும் கிளியும் அதன் அறிவிப்பாளர்கள். எதை வாசித்தாலும் சிரித்த முகத்தோடு, குரலில் தேன் ஒழுக வாசிக்கவேண்டும் என்பது அந்த நிலையத்து வழக்கம். இரங்கல் செய்தியைக்கூட மைனா அப்படித்தான் வாசிக்கும்.

அடைமழை நாளொன்றில், நேயர் விருப்பம் நடந்துகொண்டிருந்தபோது கிளி நனைந்தபடி பறந்து வந்தது.

"ஏரிக்கரை உடைஞ்சுபோச்சு, மைனா. பள்ளத்துல முயல்கள் இருக்கு. சீக்கிரம் சொல்லு."

மைனா பதறிப்போய் ஒலிவாங்கியை இழுத்தது. வாயைத் திறந்தால் வந்ததென்னவோ அதே குரல்தான்.

"அன்பு நேயர்களே, ஏரிக்கரை உடைந்துவிட்டது. பள்ளத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்."

தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, பள்ளத்துலேருந்து முயல் பேசறேன். நாடகம் ரொம்ப நல்லா இருக்கு."

"நாடகம் இல்ல, தம்பி. நிஜமாவே தண்ணி வருது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஓடு."

"கேட்டுக்கிட்டே இருக்கலாம்போல இருக்கு, அக்கா. என் சின்னவளுக்கு இன்னிக்குப் பிறந்தநாள். ஒரு பாட்டு போடுங்களேன்."

மைனா அலறப் பார்த்தது. அலறல் எப்படியிருக்கும் என்பதே அதன் தொண்டைக்கு மறந்துபோயிருந்தது. "ஓடிடு, தம்பி" என்ற சொல் கொஞ்சலாகத்தான் வெளியே வந்தது.

மறுமுனையில் குட்டிகள் சிரித்தன. பிறகு தண்ணீரின் இரைச்சல் கேட்டது. அதன்பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கிளி தலையைக் குனிந்துகொண்டது. மைனாவின் வாய் தானாகத் திறந்தது.

"இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது, நேயர்களே. அடுத்து யார் பேசுறீங்க?"