ஓர் இரண்டெழுத்தின் உரிமை

கார்காலம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. நாள்தோறும் பெய்து களைத்த முகில்கள், திருப்பணி முடித்த அடியாரைப்போல் குன்றின் தோளில் சாய்ந்து இளைப்பாறின. விமான நிலைய ஓடுதளத்தில் தேங்கிய நீரில் வானம் தன் முகத்தைத் தானே கண்டு அடங்கியிருந்தது.

அந்த அடக்கத்துக்கும், புதிய கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்கும் அன்று காலை யாதொரு தொடர்பும் இல்லை.

“ஏங்க, கண்டுபிடிச்சிட்டேன். அந்தக் குரல் யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

கூவிக்கொண்டே வந்தவள் வானூர்திகளுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர். ஏணிமேல் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தவன் அவள் கணவன். அதே நிலையத்தின் தீயணைப்புப் படைத் தலைவன்.

“முதல்ல மூச்சை விடு. நீ மயங்கி விழுந்தா நான்தான் தூக்கணும். அதுக்குத் தனியாச் சம்பளம் தரமாட்டாங்க.”

நண்பகலில் கோபுரத் திறப்பு விழா. அதையொட்டி நிலையத்தின் வரலாற்றைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். மூன்று மாத விடுப்பு நாள்களை அதற்கே கொடுத்தாள். வானொலி வருமுன் ஓடுதள ஓரத்தில் நின்று அசைத்த கொடிகள், பச்சையும் சிவப்பும் காட்டிய கைவிளக்கு, பழைய கோபுரத்தின் முதல் மைக் என எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் உயிராக ஒரு டேப் கிடைத்திருந்தது. முதன்முறை தனியாகப் பறந்த மாணவன் ஒருவன் மேகத்துள் வழிதப்பி அழுகிறான். கோபுரத்திலிருந்து ஒருவர் இருபத்திரண்டு நிமிடம் பேசிப் பேசியே அவனைத் தரையிறக்குகிறார்.

பேசியவர் யார்? அங்குதான் முட்டுக்கட்டை. பெயர் தெரியாத குரலுக்கு விழாவில் இடமில்லை, டேப் பெட்டிக்கே திரும்பட்டும் என்று நிலைய இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். எழுத்துப் பொறிப்பவரோ வெற்றுப் பித்தளைத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கோபுரத்துப் பதிவேட்டில் எவரும் பெயர் எழுதுவதில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டெழுத்து தரப்படும், கையொப்பம் அதுதான். ஒரே கோபுரத்தில் இருவருக்கு ஒரே எழுத்துகள் இருக்க முடியாது. வழிதப்பிய மாணவனைத் தரையிறக்கிய குறிப்புள்ள பக்கத்தை அவள் இன்றுதான் கண்டெடுத்திருந்தாள். தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. கையொப்பத்தை விட்டுவைத்திருந்தது.

“ஜே.டி.” என்றாள், வழக்கில் தீர்ப்புச் சொல்பவள்போல.

கணவன் ஏணியிலிருந்து இறங்கினான். ஜே.டி. என்றால் கோபுரத்தின் தலைமை அதிகாரி. இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர்.

“அவரா? நாலு வார்த்தைக்கு மேல பேசினா வரி கட்டணும்னு நினைக்கிற மனுஷனாச்சே.”

“மழையில எந்த பைலட் தடுமாறினாலும் அவர் என்ன சொல்வார்? ‘அவசரமில்ல, நான் இங்கதான் இருக்கேன்.’ பழைய டேப்புல குரல் அடையாளம் தெரியல, ஆனா அதே வார்த்தைங்க. ஒரு எழுத்து மாறல.”

அதற்குமேல் அவனுக்கும் ஐயமில்லை. அதிகாரிக்கு முன்கூட்டியே சொன்னால் கூச்சத்தில் தடுத்துவிடுவார் என்று இருவரும் வாயைப் பூட்டிக்கொண்டனர். தகட்டில் அவர் பெயர் ஏறியது.

நண்பகல். கூடம் நிரம்பி வழிந்தது. அவள் விசையை அழுத்தினாள்.

இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு விசும்பல்: “ஒண்ணுமே தெரியல... எல்லாம் வெள்ளையா இருக்கு...”

அடுத்து, கிணற்று நீர்போல் குளிர்ந்த குரல்: “அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன். முன்னால இருக்கிற மீட்டர் முள்ளை மட்டும் பாரு.”

சக்கரம் தரையைத் தொட்டு, மாணவன் விட்ட நெடுமூச்சும் ஓய்ந்தபின் திரை விலகியது. தகட்டில் பெயரைக் கண்ட கூட்டம் கைதட்டித் தீர்த்தது. தீயணைப்புப் படையினர் சீழ்க்கையே அடித்தார்கள்.

தலைமை அதிகாரி மட்டும் அசையவில்லை. பிறகு மெல்ல நடந்து வந்து, தகட்டிலிருந்த தம் பெயரை உள்ளங்கையால் மூடினார். கைதட்டல் அறுந்தது.

“தப்புப் பண்ணிட்டீங்கம்மா. இந்த ரெண்டெழுத்து எனக்கு முன்னாடி வேற ஒருத்தரோடது. அவர் காலமானப்புறம் யாருக்கும் கொடுக்காம வச்சிருந்தாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே கேட்டு வாங்கிக்கிட்டேன். அந்த வார்த்தையும் அவரோடதுதான்.”

பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு தாளில் ஒரு பெயரை எழுதி, பொறிப்பவரிடம் நீட்டினார். அவர் மறுபேச்சின்றித் தகட்டைக் கழற்றிப் பின்புறம் திருப்பினார்.

அவளது மூன்று மாத உழைப்பு ஊரறியப் பிழையாய் நின்றது.

“மன்னிச்சிடுங்க சார். அப்போ, இந்த டேப்ல உங்க குரலே இல்லையா?”

அவர் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். பழைய மைக்கின்முன் சென்று, கருவறைமுன் நிற்பவர்போல் கண்மூடிக் கைகூப்பினார்.

திரும்பியபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

“இருக்கும்மா. மேகத்துக்குள்ள அழுதுக்கிட்டிருந்தானே, அவன் நான்தான். அந்தக் குரலை இன்னொரு தடவை கேக்க வச்சீங்க. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்.”